முப்பத்தைந்தைத் தாண்டி எம்.பி.ஏ. படிக்க நினைப்பவருக்கு

"சார், எம்.பி.ஏ. பண்ணலாம்னு இருக்கேன். எந்த காலேஜ் நல்லாருக்கும்?" வேலையில் பத்து, பன்னிரண்டு வருடம் ஓட்டியவர்கள் என்னிடம் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். ஆளெடுக்கும் பொறுப்பில் நெடுங்காலம் இருந்தவன் என்பதால் கேட்கிறார்கள். இரண்டு டீ சொல்லிவிட்டு, கல்லூரிப் பேச்சையே எடுக்காமல் நான் திருப்பிக் கேட்பேன்: படிப்பெல்லாம் முடிந்த பிறகு எந்த வேலையில் இருக்க ஆசைப்படுகிறீர்கள்? பதவியின் பெயரைச் சொல்லுங்கள். அந்த வேலையில் இப்போது இருக்கும் ஒருவரையாவது காட்டுங்கள்.

உடனே பதில் சொல்பவர்கள் குறைவு. "ஒரு குரோத் வேணும் சார்" என்பார்கள். நியாயமான ஆசைதான். ஆனால் பல லட்சங்களைக் கொண்டுபோய்க் கொட்டுவதற்கு அந்த ஒரு சொல் போதாது. இருபத்து மூன்று வயதில் எம்.பி.ஏ. சேர்பவருக்கு இலக்கு தெளிவாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கல்லூரியே அவரை ஏதாவது ஒரு வேலையில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடும். முப்பத்தாறு வயதில் அது நடக்காது. அந்த வயதில் உங்களை எடுப்பவர் முதலில் பார்ப்பது நீங்கள் வேலை பார்த்த பன்னிரண்டு வருடத்தை. பட்டத்தை அதற்குப் பிறகுதான் பார்க்கிறார்.

கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் உள்ளே இருக்கும் உண்மையான காரணம் வெளியே வரும். சிலருக்கு இருக்கிற நிறுவனத்திலேயே மேலே போக வழி அடைபட்டிருக்கிறது. "எம்.பி.ஏ. இல்லாததால்தான் எனக்குக் கொடுக்கவில்லை" என்பது அவர்கள் நம்பிக்கை. அதைச் சரிபார்ப்பது எளிது. உங்களுக்கு மேலே உள்ள அந்தப் பதவிக்குக் கடைசியாக உயர்ந்த நான்கைந்து பேரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களில் எத்தனை பேர் எம்.பி.ஏ.? பெரும்பாலோர் என்றால் உங்கள் சந்தேகம் சரி. ஒருவர்கூட இல்லை என்றால் தடை வேறெங்கோ இருக்கிறது, அதைப் பட்டம் நீக்காது. இன்னும் சிலர் உண்மையில் ஓடுவது ஒரு மேலதிகாரியிடமிருந்து. அவர்களிடம் நேராகவே சொல்லிவிடுவேன்: வேறு வேலை தேடுங்கள், அதற்கு முப்பது லட்சம் ஆகாது.

அப்பாவின் தொழிலையோ சொந்தத் தொழிலையோ நடத்தப் படிக்க விரும்புபவர்களும் வருகிறார்கள். அவர்களுக்கு வேலைவாய்ப்பு ஒரு பொருட்டில்லை. பாடமும் கூடப் படிப்பவர்களும்தான் முக்கியம். ஆக, அவர்கள் தேர்வு செய்யும் முறையே வேறு.

எண்ணிக்கையில் அதிகம் வருபவர்கள் பாதையை மாற்ற நினைப்பவர்கள். இவர்களிடம்தான் நான் அதிக நேரம் பேசுவேன். ஒருவருடைய வேலையில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன: எந்தத் துறை, என்ன பணி, எந்த ஊர். இந்த மூன்றில் ஒன்றை மாற்றுவது நடக்கக்கூடியது. இரண்டை ஒரே நேரத்தில் மாற்றுவது கடினம். மூன்றையும் மாற்றுவேன் என்றால், நல்ல கல்லூரியில் படித்தால்கூட ஆளெடுப்பவர் தயங்குவார். ஓ.எம்.ஆர். நிறுவனம் ஒன்றில் பத்து வருடம் வங்கிகளுக்கு மென்பொருள் செய்துகொடுத்தவர், ஒரு வங்கியிலேயோ நிதித்தொழில்நுட்ப நிறுவனத்திலேயோ புராடக்ட் மேனேஜராகப் போக விரும்பினால் எம்.பி.ஏ. அவருக்கு நன்றாக உதவும். வங்கி எப்படி ஓடுகிறது என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும், பட்டம் அதற்கு மேல் ஒரு தகுதி. அதே மனிதர் முதலீட்டு வங்கியில் நுழைய வேண்டும் என்றால், அங்கே நுழைவு நிலை வேலைக்கு இருபத்தைந்து வயதுக்காரர்களை எடுக்கிறார்கள். மேல்நிலை வேலைக்கு, முன்பே அதைச் செய்தவர்களை எடுக்கிறார்கள். நடுவில் இவருக்கு இடம் இல்லை. இதைக் கல்லூரியின் விளம்பரப் புத்தகத்தில் எழுதமாட்டார்கள்.

"அப்படின்னா இந்த வயசுல படிக்கவே கூடாதா?" என்று அடுத்த கேள்வி வரும். இல்லை. என் அபிப்பிராயம் அதற்கு நேர் எதிரானது. எம்.பி.ஏ. வகுப்புக்கு மிகவும் பொருத்தமான ஆள் வேலை பார்த்தவர்தான். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க் 2004இல் ஒரு முழுப் புத்தகமே இதற்காக எழுதினார். ஒரு ஆளையும் நிர்வகித்திராத இளைஞருக்கு வகுப்பறையில் நிர்வாகம் கற்றுக்கொடுக்க முடியாது, நிர்வாகத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு அவர் அனுபவத்தை வைத்தே பாடம் நடத்த வேண்டும் என்பது அவர் வாதம். சொன்னதோடு நிற்காமல் 1996இலேயே வேலையில் இருக்கும் மேலாளர்களுக்கென்று பல நாட்டுக் கல்லூரிகளைச் சேர்த்து ஒரு படிப்பைத் தொடங்கியிருந்தார். அதில் பெங்களூர் ஐ.ஐ.எம்.மும் ஒரு பங்காளி. வேலை பார்ப்பவர்களுக்கான எம்.பி.ஏ. என்ற யோசனை அதைவிடப் பழையது. சிகாகோ பல்கலைக்கழகம் 1943இலேயே அதை ஆரம்பித்துவிட்டது. இந்தியாவில் அகமதாபாத் ஐ.ஐ.எம். அனுபவம் உள்ளவர்களுக்கான ஓராண்டுப் படிப்பை 2006இல் கொண்டுவந்தது.

என்னதான் சொல்லித்தருகிறார்கள்? ஒரு உதாரணம் காட்டுகிறேன். கோயம்புத்தூரில் பம்ப் செய்யும் ஒரு சிறு நிறுவனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 1 கோடி ரூபாய்க்கு விற்கிறது. செலவு 90 லட்சம், லாபம் 10 லட்சம். வார்ப்பும் செம்புக் கம்பியும் ரொக்கம் கொடுத்தால்தான் வரும். டீலர்களோ 90 நாள் கழித்துத்தான் பணம் தருவார்கள். ஒரு நல்ல நாளில் விற்பனை இரண்டு மடங்காகிறது. முதலாளி சந்தோஷமாக இருக்க வேண்டுமா, கவலைப்பட வேண்டுமா?

கணக்கைப் பாருங்கள். கூடுதலாக மாதம் 90 லட்சத்துக்குச் சரக்கு வாங்கி, கூலி கொடுத்து, பம்ப் செய்து அனுப்ப வேண்டும். அந்தக் கூடுதல் விற்பனையின் முதல் ரூபாய் மூன்று மாதம் கழித்துத்தான் வரும். ஆக, 2 கோடியே 70 லட்சம் ரூபாயை எங்கிருந்தாவது புரட்ட வேண்டும். பழைய லாபக் கணக்கில் அது இருபத்தேழு மாத லாபம். புத்தகத்தில் லாபம் ஏறிக்கொண்டே இருக்க, கையில் சம்பளம் போடக் காசில்லாமல் நல்ல நிறுவனங்கள் மூடப்படுவது இப்படித்தான். இதை ஒருமுறை புரிந்துகொண்டவர் தன் நிறுவனம் வாடிக்கையாளரிடம் "60 நாளில் பணம் வேண்டும்" என்று ஏன் அவ்வளவு மல்லுக்கட்டுகிறது என்பதை வேறு கண்ணால் பார்ப்பார். பன்னிரண்டு வருடம் புராஜெக்ட் ஓட்டியும் இந்தக் கணக்கைப் பார்த்திராதவர்கள் நிறைய இருக்கிறார்கள். திறமைக் குறைவு காரணமில்லை. அவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து அது தெரியாது, அவ்வளவுதான்.

நல்ல கல்லூரிகளில் இதைக் கரும்பலகையில் எழுதிப் போடமாட்டார்கள். பம்ப் நிறுவனத்தின் கதையை இருபது பக்கத்துக்கு முந்தின நாளே கையில் கொடுத்துவிடுவார்கள். இரவு நான்கைந்து பேர் கூடி உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். மறுநாள் பேராசிரியர் யாரையாவது கைகாட்டி, "நீங்கள் முதலாளி. ஆர்டரை ஏற்பீர்களா, மாட்டீர்களா?" என்பார். ஓசூரில் தொழிற்சாலை நடத்தியவர் ஏற்க வேண்டும் என்பார். வங்கியில் கடன் பிரிவில் இருந்தவர் கூடாது என்பார். விற்பனையில் இருந்தவர் டீலரிடம் 45 நாளுக்குப் பேசிப்பார்க்கலாம் என்பார். மூவரும் தங்கள் வேலையில் அடிபட்டுக் கற்றதைப் பேசுகிறார்கள். இந்த விவாதத்தில் உட்கார்வதற்குத்தான் நீங்கள் பணம் கட்டுகிறீர்கள். கூட உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்பதைப் பார்க்காமல் கல்லூரியைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இனி பணம். இதைக் காகிதத்தில் போட்டுப் பார்க்காமல் யாரும் விண்ணப்பத்தைத் திறக்க வேண்டாம். கையில் மாதம் 1.25 லட்சம் வருகிறது, அதாவது வருடத்துக்கு 15 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வேலையை விட்டு ஓராண்டு முழுநேரப் படிப்புக்குப் போகிறீர்கள். அகமதாபாத் ஐ.ஐ.எம்., ஐதராபாத் ஐ.எஸ்.பி. போன்ற இடங்களில் கட்டணம் 30 லட்சத்தைத் தாண்டிவிட்டது. 32 என்று போடுங்கள். போக வர, புத்தகம், லேப்டாப், நேர்காணல் செலவு என்று 2 லட்சம். அந்த ஒரு வருடம் வராமல் போகும் சம்பளம் 15 லட்சம். இதுவரை 49 லட்சம். கட்டணத்தில் 30 லட்சத்துக்குக் கல்விக் கடன் வாங்கினால், 10 சதவீத வட்டியில் பத்து வருடத்துக்கு மாதத் தவணை ஏறக்குறைய 39,600 ரூபாய். வட்டி மட்டும் பதினேழரை லட்சம். படிக்கும் காலத்தில் தவணை கட்ட வேண்டாம் என்று வங்கி சொன்னாலும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும் என்பதை நான் இங்கே சேர்க்கவில்லை.

கூட்டினால் 66 லட்சத்து 50 ஆயிரம். பத்து வருடத்தில் இதைத் திரும்ப எடுக்க வேண்டுமானால் மாதம் 55,400 ரூபாய் கூடுதலாகக் கைக்கு வர வேண்டும். வரி போக இவ்வளவு வேண்டும் என்றால் வருடச் சம்பளம் ஒன்பது லட்சத்தை ஒட்டி உயர வேண்டும். அதுவும் இப்போதைய சம்பளத்துக்கு மேலே அல்ல. படிக்கப் போகாமல் இருந்திருந்தால் வருடாவருடம் ஏறியிருக்குமே, அந்தச் சம்பளத்துக்கு மேலே. பலரும் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். பழைய சம்பளத்தையும் புதிய சம்பளத்தையும் ஒப்பிட்டுவிட்டு, லாபம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

கல்விக் கடனின் வட்டிக்கு வருமான வரியில் சலுகை உண்டு. எட்டு வருடம் வரை, உச்சவரம்பு இல்லாமல், கட்டிய வட்டி முழுவதையும் கழிக்கலாம். ஆனால் பழைய வரி முறையில் இருப்பவருக்கு மட்டும்தான். புதிய முறைக்கு மாறியிருந்தால் இது கிடையாது. கடன் வங்கியிலோ அங்கீகரிக்கப்பட்ட நிதி நிறுவனத்திலோ வாங்கியிருக்க வேண்டும். மச்சானிடம் கைமாற்றாக வாங்கியதற்குப் பொருந்தாது.

இந்தக் கணக்கைப் பார்த்ததும் சிலருக்கு முகம் வாடிவிடுகிறது. வாட வேண்டியதில்லை, வேறு வழிகளும் இருக்கின்றன. வேலையில் இருந்துகொண்டே வார இறுதிகளில் இரண்டு வருடம் படிக்கும் படிப்புகள் சென்னையிலேயே கிடைக்கின்றன. ஐ.ஐ.டி. மெட்ராஸின் மேலாண்மைத் துறை ஒன்று நடத்துகிறது. 2011இல் தொடங்கப்பட்ட திருச்சி ஐ.ஐ.எம். வேலை பார்ப்பவர்களுக்காகச் சென்னையில் ஒன்று நடத்துகிறது. லயோலா வளாகத்தில் இருக்கும் லிபாவும் நெடுங்காலமாக இந்தப் பணியில் இருக்கிறது. சம்பளம் நிற்காது என்பதால் மேலே போட்ட கணக்கு தலைகீழாக மாறிவிடும். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு சேருங்கள்: வார இறுதிப் படிப்புகளில் பெரும்பாலும் வளாக வேலைவாய்ப்பு இருக்காது. மாணவர்கள் எல்லோரும் ஏற்கெனவே ஒரு வேலையில் இருப்பவர்கள், சிலரை அவர்களுடைய நிறுவனமே அனுப்பியிருக்கும். அங்கே நின்று இன்னொரு நிறுவனத்தைக் கூப்பிட்டு ஆளெடுக்கச் சொல்ல முடியாது. ஆக, இருக்கும் இடத்திலேயே உயர நினைப்பவருக்கு இது நல்லது. பாதையை மாற்ற நினைப்பவருக்கு முழுநேரப் படிப்புதான் உண்மையில் கைகொடுக்கும்.

நிறுவனமே கட்டணம் கட்டுமா என்று கேட்டுப் பாருங்கள். கேட்க வெட்கப்பட்டே பலர் விட்டுவிடுகிறார்கள். கட்டினால் இரண்டு மூன்று வருடத்துக்கு பாண்டு எழுதி வாங்குவார்கள். நடுவில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும், வருடத்துக்கு வருடம் அது குறையுமா, நிறுவனமே உங்களை வெளியே அனுப்பினால் என்ன என்ற மூன்றையும் கையெழுத்துக்கு முன்பு படித்துவிடுங்கள்.

இக்னோ, அண்ணா பல்கலைக்கழகம், சென்னைப் பல்கலைக்கழகம் போன்றவற்றின் தொலைநிலைக் கல்வி எம்.பி.ஏ.வை மட்டமாகப் பேசுபவர்கள் உண்டு. நான் பேசமாட்டேன். இக்னோவில் லட்சத்துக்குள் முடிந்துவிடும். "பட்டம் இருந்தால்தான் அடுத்த கிரேடு" என்று விதி எழுதி வைத்திருக்கும் இடத்தில் வேலை பார்ப்பவருக்கு இது போதும். யு.ஜி.சி. அங்கீகரித்த தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்பது விதி. அங்கீகாரம் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் இருந்தால் போதாது. அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு, நீங்கள் சேரும் அந்த ஆண்டுக்கு இருக்கிறதா என்று யு.ஜி.சி. பட்டியலில் பார்க்க வேண்டும். இந்தியாவில் பட்டம் கொடுக்கும் உரிமை 1956ஆம் ஆண்டு யு.ஜி.சி. சட்டப்படி பல்கலைக்கழகங்களுக்கும், நாடாளுமன்றம் தனிச் சட்டத்தால் அனுமதித்த நிறுவனங்களுக்கும்தான். ஐ.ஐ.எம்.களே 2018 ஜனவரி 31இல் அவற்றுக்கான சட்டம் நடைமுறைக்கு வரும்வரை பட்டயம்தான் கொடுத்துக்கொண்டிருந்தன. "பத்து நாள் எம்.பி.ஏ." என்று விற்றவர்களைப் பற்றி யு.ஜி.சி. 2024இல் பொது எச்சரிக்கையே விட வேண்டியிருந்தது. பெரிய கல்லூரியின் பெயரைத் தாங்கி இணையத்தில் விற்கும் ஆறு மாத, ஒரு வருடச் சான்றிதழ்களும் எம்.பி.ஏ. அல்ல. அவற்றில் கற்றுக்கொள்ள விஷயம் இருக்கலாம். ஆனால் தொலைபேசியில் பேசும் பெண்ணோ பையனோ "எம்.பி.ஏ.வுக்கு ஈக்வல்தான் சார்" என்றால், அதை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கல்லூரிகள் காட்டும் சம்பளக் கணக்கைப் படிப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. ஐந்து பேர் படித்தார்கள். வேலையில் சேரும்போது சம்பளம் 18, 20, 22, 24, 86 லட்சம். சராசரி 34 லட்சம். விளம்பரத்தில் போடுவது இதைத்தான். ஆனால் ஐந்தில் நான்கு பேர் 24ஐத் தாண்டவில்லை. வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவருக்கு 22 லட்சம். ஆகவே சராசரியைக் கேட்காதீர்கள், நடுவில் நிற்பவரின் சம்பளத்தைக் கேளுங்கள். அதோடு, உங்களைப் போல பத்து வருடத்துக்கு மேல் அனுபவம் உள்ளவர்களுக்கு மட்டும் தனிக் கணக்கு கேளுங்கள். வேலை தேடிக் கிடைக்காதவர்கள் எத்தனை பேர், கணக்கிலேயே வராமல் விலகிக்கொண்டவர்கள் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். தணிக்கை செய்யப்பட்ட அறிக்கை வெளியிடும் கல்லூரிகள் இருக்கின்றன. இந்தக் கேள்விகளுக்கு எரிச்சல்படும் இடத்தில் உங்கள் பணத்தைக் கட்டாதீர்கள்.

பட்டத்தால் வாழ்க்கையில் முன்னேற்றம் வருகிறதா என்று ஆராய்ந்தவர்களும் உண்டு. ஸ்டான்ஃபோர்டின் ஜெஃப்ரி ஃபெஃபர், கிறிஸ்டினா ஃபாங் என்பவரோடு சேர்ந்து 2002இல் எழுதிய கட்டுரை மேலாண்மைப் பள்ளிகளைக் கலக்கியது. எம்.பி.ஏ. பட்டமோ அதில் வாங்கிய மதிப்பெண்ணோ பிற்கால வெற்றியோடு பெரிதாகத் தொடர்புடையதாகத் தெரியவில்லை என்றார்கள் இருவரும். அவர்களும் ஒரு மேலாண்மைப் பள்ளிக்குள் இருந்துகொண்டே அதை எழுதினார்கள் என்பதால் அதற்கு ஒரு எடை உண்டு.

அதைப் படித்த பிறகும் சிலரிடம் நான் "போங்கள்" என்று தயங்காமல் சொல்கிறேன். முதல் தலைமுறைப் பட்டதாரிகள் அவர்கள். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, கலந்தாய்வில் பொறியியல் இடம் வாங்கி, கஷ்டப்பட்டு மேலே வந்தவர்கள். வேலையில் அவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் எந்த நிறுவனத்தின் மேல்மட்டத்திலும் அவர்களுக்கு ஒரு சித்தப்பா கிடையாது. ஒரு வாய்ப்பு இருக்கிறது என்று சொல்ல, "இவனை ஒருமுறை பாருங்கள்" என்று பரிந்து பேச, யாரும் கிடையாது. பெரிய அதிகாரிகள் உட்கார்ந்திருக்கும் அறையில் ஆங்கிலத்தில் குறுக்கிட்டுப் பேசும் துணிச்சல் வருவதற்கே பல வருடம் ஆகிறது. நல்ல கல்லூரியின் பழைய மாணவர் வட்டம் இவர்களுக்குத்தான் உண்மையான சொத்து. தினமும் வகுப்பில் நூறு பேருக்கு முன் எழுந்து வாதாடியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இவர்களுக்குச் செய்யும் நன்மையை எந்தச் சம்பளக் கணக்கிலும் காட்ட முடியாது. ஏற்கெனவே வசதியான வட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் இதே பட்டத்தால் பெறுவது இதைவிடக் குறைவு. பெயருக்குப் பின்னால் பட்டத்தைப் போட்டுக்கொள்வதில் இவர்கள் வீட்டில் இருக்கும் பெருமையையும் நான் மதிக்கிறேன். அந்த வீட்டில் அதற்கு விலை கொடுத்திருக்கிறார்கள்.

நுழைவுத் தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அனுபவம் உள்ளவர்களுக்கான முழுநேரப் படிப்புகளுக்குப் பெரும்பாலும் ஜிமேட் போதும். இப்போதைய வடிவில் 64 கேள்விகள், இரண்டே கால் மணி நேரம், மதிப்பெண் 205 முதல் 805 வரை. ஐந்து வருடம் செல்லும். கேட் மதிப்பெண் ஒரு வருடம்தான் செல்லும். பள்ளிக் கணக்கு மறந்துபோயிருக்குமே என்று பயப்படுகிறார்கள். நான்கைந்து மாதம் தினமும் உட்கார்ந்தால் திரும்பி வந்துவிடும். அதைவிடக் கடினம் விண்ணப்பக் கட்டுரை. "உங்களுக்கு ஏன் எம்.பி.ஏ.?" என்று அங்கேயும் கேட்பார்கள். நான் டீயோடு கேட்ட கேள்விக்கு நேர்மையான பதில் வைத்திருப்பவருக்கு அந்தக் கட்டுரையை எழுத ஒரு பயிற்சி மையமும் வேண்டாம்.

வீட்டில் பேசாமல் முடிவெடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். "அட்மிஷன் கிடைச்சதும் சொல்லிக்கலாம்" என்கிறார்கள். அது தவறு. வார இறுதிப் படிப்பு என்றால் இரண்டு வருடம் சனி, ஞாயிறு உங்களுடையது இல்லை. பிள்ளையின் பள்ளி விழா, மாமனார் வீட்டு விசேஷம், அம்மாவை மருத்துவரிடம் கூட்டிப்போவது எல்லாம் இன்னொருவர் தலையில் போய் விழும். அந்த இன்னொருவர் முன்கூட்டியே சம்மதித்திருக்க வேண்டும். எந்தெந்த வேலையை யார் பார்ப்பது என்று பெயர் போட்டுப் பேசியிருக்க வேண்டும்.

இதில் எனக்கு மனது பொறுக்காத ஒரு விஷயம் உண்டு. கணவன் படிக்கிறேன் என்றால் வீடு முழுவதும் ஒத்துழைக்கிறது, "சத்தம் போடாதே, அப்பா படிக்கிறாங்க" என்று பிள்ளையை அடக்குகிறது. மனைவி அதே முப்பத்தாறு வயதில் அதே ஆசையைச் சொன்னால் முதல் கேள்வியே "பிள்ளையை யார் பார்ப்பது?" என்பதுதான். பிரசவத்துக்காக வேலையில் இடைவெளி விட்டவர்களுக்கு ஒரு நல்ல எம்.பி.ஏ. திரும்பி உள்ளே வருவதற்கான மிக நேரான வழி. நேர்காணலில் அந்த இடைவெளியைப் பற்றிய கேள்வியையே அது அடக்கிவிடுகிறது. இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். உங்கள் மனைவியோ தங்கையோ கேட்டால், மேலே போட்ட அதே கணக்கை அவருக்கும் போட்டுப் பார்த்து, சரியாக வந்தால் அனுப்புங்கள்.

சேர்வதற்கு முன் ஒரு சின்ன சோதனை செய்து பார்க்கலாம். ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல்., மத்திய அரசின் ஸ்வயம் இரண்டிலும் நிதிக் கணக்கியல், சந்தைப்படுத்தல் பாடங்கள் இலவசமாக இருக்கின்றன. சான்றிதழுக்குத் தேர்வு எழுதினால்தான் சிறு கட்டணம். கணக்கியலை எடுத்து, வேலை முடிந்து வந்து, எட்டு வாரமோ பன்னிரண்டு வாரமோ விடாமல் படித்து முடியுங்கள். முடித்துவிட்டு இன்னும் வேண்டும் என்று தோன்றினால் நீங்கள் படிக்க வேண்டியவர். மூன்றாவது வாரத்திலேயே விட்டுவிட்டால், அப்போதே தெரிந்தது நல்லது. இதோடு கூடவே, நீங்கள் போக நினைக்கும் வேலையில் இப்போது இருக்கும் மூன்று பேரைத் தேடிப் பேசுங்கள். எம்.பி.ஏ. இல்லாமல் அங்கே வந்தவர் ஒருவராவது அதில் இருக்கட்டும்.

வேலையை விடுவது என்று முடிவாகிவிட்டால், ராஜினாமாக் கடிதத்தில் தேதி போடுவதற்கு முன் சில காகிதங்களைப் பாருங்கள். பணிக்கொடைக்கு ஐந்து வருடம் தொடர்ச்சியான பணி வேண்டும். சில வாரங்களில் அது முடிகிறது என்றால் தேதியைத் தள்ளுங்கள். பி.எஃப். பணத்தைக் கட்டணத்துக்காக எடுக்காதீர்கள், கணக்கு அப்படியே இருக்கட்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது பெற்றோரின் மருத்துவக் காப்பீடு. நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில்தான் அவர்கள் இருக்கிறார்கள் என்றால், நீங்கள் விலகும் நாளோடு அது நின்றுவிடும். எழுபது வயதில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருப்பவருக்குப் புதிதாகப் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் மூன்று வருடம் வரை போகலாம். குழுக் காப்பீட்டிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற வழி இருக்கிறது. அதற்கான விண்ணப்பத்தை நீங்கள் வேலையில் இருக்கும்போதே கொடுக்க வேண்டும். வேலையை விட்ட பிறகு கேட்டால் காலம் கடந்திருக்கும்.